அடியில் இருந்த வரி

அத்தியாயம் பதினேழு

போன வாரம் வாசல் மணி அடித்தது. பெரியவள் போய்த் திறந்தாள். ஒரு கையில் பையும் மறு கையில் குடையுமாகத் தங்கை நின்றாள். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். பாவம், ஏழு நாளாக வாசலிலேயே நிற்கிறாள். முதலில் உள்ளே கூப்பிட்டுவிடுவோம்.

"வா," என்றாள் பெரியவள்.

"வீட்ல இருக்கீங்களோ இல்லையோன்னு நினைச்சேன். ரெண்டு தடவை மணி அடிச்சேன்."

"வேலையா இருந்தேன்."

பொய். முதல் மணிக்கே கதவு வரை வந்துவிட்டாள். கதவுத் துளை வழியே தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் தாழ்ப்பாளுக்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இடையில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. ஏழு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் புருஷன் வேண்டாம் என்று பெட்டியோடு கிளம்பி வந்தாள். "திரும்பிப் போறதா இருந்தா உள்ள வா, இல்லேன்னா இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார் அம்மா. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும். மிதிக்கவில்லை. ஆறு மணி நேர ரயில் தூரத்தில், பல் மருத்துவர்களுக்குப் பல் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது ஒரே ஒரு தடவை வந்தாள். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த ரயிலிலேயே போய்விட்டாள். அதன் பிறகு நாலு வருஷம் அம்மாவைத் தூக்கியது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் பெரியவள்தான். அம்மா போய் இப்போது ஒரு வருஷம் ஆகிறது.

ஹாலுக்குள் வந்ததும் சின்னவளின் கண் நேரே அக்கா வரைந்த படத்தில் போய் நின்றது.

துணியில் அச்சிட்டு, ஆள் உயரத்துக்கு இருந்தது படம். சுவரில் சாய்த்து வைத்து, கீழ்ப்பாதிக்கு மட்டும் குமிழி உறை சுற்றியிருந்தது. மேலிருந்து சாம்பல் நிறம் இறங்கி வந்தது. நடுவில் காய்ந்த ரோஜா நிறம் ஒரு பட்டையாக இழுபட்டு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி கரைந்திருந்தது. ஒரு பெரிய மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துக்குப் போகிறது. மூன்று மணிக்கு வேன் வரும்.

"நேரா பாக்காதேம்மா, தலை சுத்தும்!" என்று உள்ளிருந்து வந்தார் பெரியவளின் வீட்டுக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இன்று கடைக்கு விடுமுறை. "தினமும் நூறு பேருக்குக் கண்ணு பாக்கறவன் நான். எனக்கே இதுல எந்தப் பக்கம் மேலன்னு தெரியாது."

"போன தடவை ஒண்ணைத் தலைகீழா மாட்டிட்டார்," என்றாள் பெரியவள். "நாலு மாசம் அப்படியே தொங்குச்சு."

"அந்த நாலு மாசமும் வந்தவங்க எல்லாம் ஆகா ஓகோன்னாங்க. நேரா மாட்டினப்புறம் ஒருத்தர் வாயைத் திறக்கல, கேட்டுக்கோ."

சின்னவள் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று! அந்தச் சிரிப்பு அப்படியே அம்மாவுடையது.

"எப்படிக்கா பண்றே இதை?"

"டேப்லெட் இருக்கே, அந்த டேப்லதான். பேனா பட்டா வண்ணம் விழும். விரல் பட்டா விழுந்த வண்ணம் இழுபடும். அப்படி மாத்தி வச்சிருக்கேன்."

சொன்னால் இவ்வளவுதான். செய்யும்போதுதான் தெரியும் சங்கதி. முதலில் வண்ணங்களைத் திட்டுத் திட்டாக வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனி லேயரில். லேயர் என்றால் கண்ணாடித் தாள் மாதிரி, ஒன்றன் மேல் ஒன்று. மேல் தாளை எப்படிக் கலப்பது என்று சொல்லிவிட்டால் அடித்தாளின் நிறத்தோடு சேர்ந்து கருக்கும், அல்லது வெளுக்கும், அல்லது இரண்டுக்கும் நடுவில் யாரும் பெயர் வைக்காத ஒரு நிறம் பிறக்கும். கடைசியாகத் தேய்ப்பு. அழுத்தித் தேய்த்தால் சேறாகிவிடும். பயந்து தேய்த்தால் திட்டுத் திட்டாகவே நிற்கும். விரலை எங்கே எடுப்பது என்று தெரிந்தவள்தான் கைகாரி.

அதில் பெரியவளுக்கு ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. மூலத் தாளில் கை வைக்க மாட்டாள். அதற்கு ஒரு நகல் எடுத்து, மூலத்தைப் பூட்டிவிட்டு, நகலைத்தான் தேய்ப்பாள். பதினைந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அந்தப் பழக்கம் தப்பியிருக்கிறது.

சின்னவள் படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பல் கூடத்தில் வெள்ளையில் மட்டும் பதினாறு வெள்ளை பிரிக்கிற கண். ரோஜாப் பட்டையின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இங்க ஏதோ எழுத்து இருந்த மாதிரி இருக்கே."

பெரியவள் உறையை இழுத்து மூடினாள். "வண்ணம் ஓடினா அப்படித்தான் தெரியும். எழுந்திரு, முதல்ல காபி குடி."

காபியைக் கையில் வைத்துக்கொண்டு சின்னவள் வந்த காரணத்தைச் சொன்னாள்.

"அம்மாவுக்கு உடற்பயிற்சி சொல்லித் தர வருவாங்களே ஒரு தெரபிஸ்ட், அவங்க இப்போ எங்க ஊர்லதான் வேலை பாக்கறாங்க. எங்க கூடத்துக்கு எதுத்த கட்டடம். பேச்சுவாக்குல யாரு என்னன்னு தெரிஞ்சுது. 'அட, அந்தச் சின்னவ நீங்கதானா? நான் ஏதோ குழந்தைன்னு நினைச்சேன்'னாங்க."

பெரியவள் டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"அம்மா உன் டேப்ல இடது கையால ஏதோ எழுதினாங்களாம். மறுநாள் அவங்க வந்து, யாருக்கு எழுதினீங்கன்னு கேட்டிருக்காங்க. அம்மா கையை இவ்வளவு உயரத்துல காட்டினாங்களாம்." சின்னவள் நாற்காலியின் கைப்பிடி உயரத்துக்குக் கையைக் காட்டினாள். "எனக்குத்தானேக்கா? நான் அவ்வளவு உசரம் இருக்கறப்போதானே அம்மா என்னைச் சின்னவளேன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க? என்ன எழுதினாங்க?"

ஒரு வருஷமாக இந்தக் கேள்வி வரும், வரும் என்று பயந்துகொண்டிருந்தவள் பெரியவள். அதனால் பதிலும் தயாராக இருந்தது.

"என்னமோ கிறுக்கியிருந்தாங்க. வேலை நடந்துக்கிட்டிருந்த ஃபைல்லதான் எழுதச் சொல்லிக் கொடுத்தேன். வண்ணத்துல விரல் போட்டு இழுக்கறது அவங்களுக்குப் பிடிக்கும். அப்புறம் நான் கவனிக்காம எல்லா லேயரையும் ஒண்ணா மெர்ஜ் பண்ணிட்டேன். ஒண்ணாக்கினா ஒண்ணாக்கினதுதான். பிரிக்க முடியாது. தப்பு என் மேலதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மறைத்தவளுக்கே வியப்பாக இருந்தது, குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்போ அது இந்தப் படத்துக்கு அடியிலதான் இருக்கா?"

"ம்."

"பரவால்லக்கா." அவள் காபியைக் கீழே வைத்தாள். "நான் உன்னைக் குறை சொல்ல வரல. அந்த உரிமை எனக்கு இல்ல. நீ பாத்துக்கிட்டதாலதான் அம்மா நாலு வருஷம் இருந்தாங்க. நான் ஒரு நாள் கூட வந்து உக்காரல. எனக்கு ஏதாவது சொல்லணும்னு நினைச்சாங்களே, அதுவே போதும்."

திட்டியிருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஒரு இடத்தில் துக்கம் தேங்கினால் அவருக்குப் பொறுக்காது, எதையாவது சொல்லிக் கலைத்துவிட வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியங்கள்தான் சில சமயம் வீட்டையே கொளுத்துகின்றன.

"அம்மா எழுதினது போச்சேன்னு வருத்தப்படறியாம்மா?" என்றார். "எதுக்கு? அவ வரையற ஆப்லதான் எல்லாம் வீடியோவா பதிவாகுமே!"

சின்னவள் நிமிர்ந்தாள். "என்ன பதிவு?"

"முதல் புள்ளியிலேர்ந்து கடைசி வரைக்கும். யாரு கை வச்சாலும். அழிச்சது கூட விடாது. மத்த ஆர்ட்டிஸ்ட்டுங்க எல்லாம் அதைப் போட்டுத்தான் பேரு வாங்கறாங்க. உங்க அக்கா மட்டும் போட மாட்டா. 'நான் சொதப்பினதை எல்லாம் ஊருக்குக் காட்டிக் கொடுத்துடும்'பா." பெரியவள் பக்கம் திரும்பினார். "ஏன், உனக்கு மறந்தே போச்சா?"

மறக்கவில்லை. அதுதானே வினை.

"ஆமால்ல," என்றாள் பெரியவள். "எனக்குத் தோணவே இல்ல பாரேன்."

"இப்பவே பாக்கலாமாக்கா?" சின்னவள் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பெரியவளால் பார்க்க முடியவில்லை.

"சார்ஜ் இல்ல. போட்டு வைக்கிறேன். நீ சாப்பிட்டு முடி."

வேலை அறைக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். டேப்பில் சார்ஜ் எண்பதுக்கு மேல் இருந்தது. ஃபைலைத் திறந்தாள். ஓரத்துப் பட்டியலில் 'பதிவை ஓட்டு' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'பதிவை நீக்கு' என்று ஒரு வரி.

நீக்கு என்பதைத் தொட்டாள். 'உறுதியாக நீக்கவா? திரும்பப் பெற முடியாது' என்று கேட்டது.

இன்னொரு தொடல். அவ்வளவுதான். பதிவு கெட்டுப்போச்சு என்று சொன்னால் சின்னவள் நம்பிவிடுவாள். எதைச் சொன்னாலும் நம்புகிற நிலைமையில்தான் இருக்கிறாள்.

அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று பெரியவளுக்குத் தெரியும். 'சின்னவளை வரச் சொல்லு' என்று ஒரு வரி. அம்மாவுக்கு நினைவு பிசகவில்லை. நாக்குதான் புரளவில்லை, வலது கைதான் செத்துப் போயிருந்தது. இடது கையால் எழுதப் பழக்குங்கள் என்று தெரபிஸ்ட் சொன்னாள். மாதக்கணக்கில் வெறும் கோடுகள், சுழிகள். ஒரு சாயங்காலம் முதல் முறையாக வாக்கியமாக எழுதினார். அந்த வாக்கியத்தில் தங்கை இருந்தாள். நாலு வருஷம் கூடவே கிடந்தவள் இல்லை.

வயிறு எரிந்தது. வேறென்ன சொல்ல? எரிந்தது. விட்டுவிட்டுப் போனவளைக் கேட்கிறாரே, நான் என்ன சுவரா, கதவா? 'பாத்தியா, உனக்காக எழுதியிருக்காங்க' என்று அம்மாவைத் தூக்கித் துடைத்த கையாலேயே போன் செய்ய மனசு வரவில்லை. நாளைக்குச் செய்யலாம். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினாள். அம்மா கண்ணால் கேட்டபோது, "சொல்லிட்டேம்மா, வர்றாளாம்" என்று போர்வையைச் சரி செய்தாள். அம்மா அவ்வளவு சீக்கிரம் போய்விடுவார் என்று யார் கண்டார்கள்? பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது போன் செய்தாள், வேறு செய்தி சொல்ல.

மூன்று வாரம் கழித்து ஃபைலைத் திறந்தாள். அந்த வரி அப்படியே இருந்தது, ரோஜா நிறத்தை இழுத்துச் சாம்பலில் எழுதிய வரி. பார்க்க முடியவில்லை. நகல் எடுக்கவில்லை, பூட்டவில்லை. மூலத்தின் மேலேயே விரலை வைத்துத் தேய்த்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். பதினைந்து வருஷத்தில் அவள் செய்த படங்களிலேயே சிறந்தது அதுதான் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்கிறார்கள்.

"அக்கா, சார்ஜ் ஏறிடுச்சா?"

ஒருக்களித்த கதவுக்கு வெளியே சின்னவள் நின்றாள். உள்ளே வரவில்லை. அக்கா வேலை செய்கிற அறை, கூப்பிட்டால்தான் வர வேண்டும் என்று நிற்கிறாள். அந்த மரியாதை பெரியவளை என்னவோ செய்துவிட்டது. விரலை எடுத்து 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள்.

"உள்ள வா. உக்காரு."

சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். தெரியாம மெர்ஜ் பண்ணிட்டேன்னு சொன்னேன்ல? அது பொய். நான் படிச்சேன். படிச்சுட்டு வேணும்னேதான் அழிச்சேன்."

"என்னக்கா சொல்றே?"

"சின்னவளை வரச் சொல்லுன்னு எழுதினாங்க. அம்மா போறதுக்குப் பதினோரு நாள் முன்னாடி."

வெளியே வீட்டுக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம் நின்றது.

"ஆறு மணி நேரம்தான்க்கா ரயில்."

"தெரியும்."

"பதினோரு நாள்."

"தெரியும்டி. எனக்குப் பொறாமை. உன்னைக் கேட்டாங்கன்னு பொறாமை. வேற ஒரு காரணமும் இல்ல. இருந்தா சொல்லியிருப்பேன்."

சின்னவள் அழவில்லை. அவள் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அம்மா திரும்பிய அதே திரும்பல். பிறகு மெல்ல இந்தப் பக்கம் வந்தது.

"போடு," என்றாள்.

பெரியவள் போட்டாள்.

முதலில் சாம்பல் திட்டுகள் விழுந்தன. பிறகு ரோஜா. மணிக்கணக்கில் செய்தது கண் மூடித் திறப்பதற்குள் ஓடியது. அப்புறம் ரோஜா நிறத்தின் ஓரத்திலிருந்து ஒரு கோடு தயங்கித் தயங்கிக் கிளம்பியது. கை தெரியவில்லை, கோடு மட்டும்தான். கோணலாக, ஒவ்வொரு எழுத்தாக வந்தது. சின்னவளை. வரச். சொல்லு. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதோடு முடிந்தது, அடுத்து வரப்போவது தன் விரல் என்று பெரியவள் கண்ணை மூடப் போனாள்.

முடியவில்லை. கீழே இன்னொரு கோடு கிளம்பியது.

பெரியவள் டேப்பின் மேல் குனிந்தாள். இது என்ன? இப்படி ஒன்று இல்லையே? கோடு ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. எழுத்துகள் முதல் வரியை விடக் கோணலாக இருந்தன. ஆனாலும் படிக்க முடிந்தது.

'பெரியவ பாவம். கொஞ்சம் தூங்கட்டும்.'

அவ்வளவுதான். ஒரு கணம் இரண்டு வரியும் சேர்ந்து நின்றன. பிறகு இரண்டாவது வரி கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தது. தூங்கட்டும் போயிற்று. கொஞ்சம் போயிற்று. பெரியவ பாவம் போயிற்று. முதல் வரியின் முடிவுக்கு வந்ததும் மறைவது நின்றது.

எப்படிப் போயிற்று என்று பெரியவளுக்கு உடனே புரிந்தது. அந்த ஆப்பில் இரண்டு விரலைச் சேர்த்துக் கண்ணாடியில் வைத்தால் கடைசியாகச் செய்தது அழியும். எடுக்காமல் வைத்திருந்தால் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே போகும். எழுதிக் களைத்துப்போன அம்மா கையை அப்படியே டேப்பின் மேல் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார். அந்தக் கையைத் தூக்கிப் போர்வைக்குள் வைத்தது பெரியவள்தான். அப்போதுதான் அழிவது நின்றது. அப்போது கண்ணில் பட்டது முதல் வரி மட்டும்.

அதற்கு முன்னால் எங்கே இருந்தாள்? தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். போனவள் தண்ணீர் பிடிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடி நின்றாள். யாரும் கூப்பிடாத ஐந்து நிமிஷம் வேண்டியிருந்தது. நின்றுகொண்டே தூங்கிக்கூடப் போயிருக்கலாம். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் அம்மா அவளுக்காக எழுதியிருக்கிறார்.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அகலமான ஒரு தேய்ப்பு இடமிருந்து வந்து சின்னவளை என்பதன் மேல் ஏறியது. திரும்ப வந்தது. இன்னொரு தடவை. வரச் சொல்லு நீளமான ரோஜாப் பட்டையாயிற்று. பெரியவள் நிறுத்தவில்லை. சின்னவள் நிறுத்தச் சொல்லவில்லை. சாம்பல் வந்து மூடியது. படம் முடிந்து, மருத்துவமனைக்காரர்கள் ஆசைப்பட்டுக் கேட்ட அதே படமாக நின்றது.

"ரெண்டாவது வரியை நீ பாக்கல," என்றாள் சின்னவள்.

"இல்ல."

"பாத்திருந்தா கூப்பிட்டிருப்பே."

கூப்பிட்டிருப்பாள். அது இன்னும் கேவலம் இல்லையா? தன் பெயர் இருந்தால் கூப்பிட்டிருப்பாள், இல்லாததால் கூப்பிடவில்லை.

"உனக்காகத்தான் என்னை வரச் சொல்லியிருக்காங்க. என் மேல பாசம் பொங்கி இல்ல." சின்னவளின் குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. பல் கூடத்தில் நிறத்தைப் பிரித்துச் சொல்கிற குரல் இப்படித்தான் இருக்கும். "நீ அதுக்குப் போய்ப் பொறாமைப்பட்டிருக்கே."

அவள் எழுந்து அம்மாவின் அறைக்குப் போனாள். கட்டிலைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். சுவரில் தலையணை உரசிய இடம் மட்டும் கறுத்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியவள் வெளியே நின்றாள். கதவைத் தட்டக் கை எழவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தாள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் போய் ஒரு வருஷம் ஆயிற்று. இவளிடம் சொன்னால் பாதிதான் தீரும். அம்மா தூங்கச் சொன்னாரே, அதற்குப் பிறகு ஒரு இரவாவது நிம்மதியாகத் தூங்கினோமா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு ஒன்றும் வரவில்லை.

ஹாலில் வீட்டுக்காரர் ஈரக் கையோடு நின்று இவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று புரிந்திருந்தது. எதை என்று தெரியவில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. மூன்று மணி. வேன்காரர்கள்.

அம்மாவின் அறைக் கதவு ஒரு சாண் திறந்தது. சின்னவளின் முகம் பாதி தெரிந்தது.

"அக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு."

"கேளு."

"அந்தப் பதினோரு நாள்ல, இப்படி மணி அடிச்சா அம்மா வாசலைப் பாத்தாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். தூங்கிக்கிட்டே இருந்தாங்க, நினைவே இல்லை என்று ஒரு இழுப்பு. எப்படித் தேய்த்தால் ஓரம் தெரியாது என்று அவளுக்கா தெரியாது? வாய் வரை வந்தது. விரலை எடுத்ததைப் போல நாக்கையும் எடுத்துக்கொண்டாள்.

"பாத்தாங்க," என்றாள் பெரியவள். "ஒவ்வொரு தடவையும் பாத்தாங்க. நீ வர்றேன்னு நான் சொல்லி வச்சிருந்தேன்."

கதவு மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

வாசல் மணி இன்னொரு முறை அடித்தது. யாரும் திறக்கப் போகவில்லை.